விளக்கு எரிகிற கதவு

பேதைச் சீட்டில் இருந்த நாயைக் காணோம்.

கோரின் அந்தச் சீட்டை ஜன்னலோர மேசை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தாள், கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தாள். பேதை இருந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்தி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டிக்கொண்டு, கையில் மிட்டாய் வாளியோடு யார் வீட்டுப் படியிலோ காலெடுத்து வைக்கும் குழந்தை. அதற்குப் பின்னால், விரிப்பின் நுனியைக் கவ்வி, போகாதே என்று இழுத்துக்கொண்டு நிற்கும் சின்ன வெள்ளை நாய் ஒன்று இருக்க வேண்டும். போன வாரம் ஒருத்திக்குச் சீட்டுப் பார்த்தபோது இருந்தது. அதைக் காட்டித்தான், உங்களைத் தடுக்க ஒரு ஆள் இருக்கிறார், அவர் பேச்சைக் கேளுங்கள் என்று பலன்கூடச் சொன்னாள். இப்போது அந்த இடத்தில் கொஞ்சம் மேப்பிள் இலைகள் வரையப்பட்டிருந்தன, அவ்வளவுதான்.

வேறு சீட்டுக்கட்டோடு குழப்பிக்கொண்டிருப்பேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் நிற்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். பிசகிய கணுக்கால் சுள்ளென்றது.

அந்தப் பாழாய்ப்போன கால் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் ஜூனியோடு அவளே போயிருப்பாள். இலை பெருக்கப் போய் ஈரப் படியில் வழுக்கி, காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆறு வயது மகளை ஹாலோவீன் அன்றைக்கு முதல் தடவையாகத் தம்பி டெல்லை நம்பி அனுப்பியிருந்தாள். டெல் நல்லவன்தான். ஆனால் பேச ஆள் கிடைத்தால் தன் தலையையே எங்கேயாவது வைத்துவிட்டு வருகிற ரகம்.

சாயங்காலம் தீயணைப்பு நிலையத்துச் சைரன் ஊதி, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் மிட்டாய் கேட்கக் கிளம்புவதற்குச் சற்று முன்னால் அவன் வந்திருந்தான். நீலப் பூப்போட்ட பழைய விரிப்பில் கோரின் கண்களுக்கு ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். கடையில் விற்கும் வேஷமெல்லாம் வேண்டாம், பேயாகத்தான் போவேன், அதுவும் பூப்போட்ட பேயாக என்பது ஜூனியின் பிடிவாதம்.

"டெல் மாமா, நீ என்ன வேஷம்?"

"களைச்சுப்போன லாரி டிரைவர். பாரு, அச்சு அசலா இல்ல?"

"நீ நிஜமாவே லாரி டிரைவர்தானே!"

"அதான் இவ்வளவு தத்ரூபமா இருக்கு."

ஜூனி விரிப்புக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கோரினுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் முன்னால் குனிந்து, இரண்டு ஓட்டைகளுக்குள் தெரிந்த பழுப்புக் கண்களைப் பார்த்துக் கேட்டாள்.

"இருட்டா இருக்கிற வீட்டுப் படி ஏறலாமா?"

"ஏறக் கூடாது."

"நம்ம கதவு எது?"

"விளக்கு எரியுற கதவு நம்ம கதவு," என்று ஜூனி ராகம் போட்டாள்.

அது கோரின் கற்றுக்கொடுத்த பாடம். அவர்களுடையது அந்த ஊரில் நிறைய உள்ளது போல இரட்டை வீடு. ஒரே கூரை, ஒரே வராந்தா, நடுவில் பொதுச்சுவர், அதற்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். இரண்டு கதவுக்கும் ஒரே பச்சைச் சாயம். நடக்கப் பழகின காலத்தில் ஜூனி எப்போதும் அடுத்த கதவைப் போய்த் தட்டுவாள். அங்கே குடியிருந்த பெண்ணுக்கு மாலையில் விளக்குப் போடும் வழக்கமே கிடையாது. அதனால் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க அதுவே வசதியாகப் போயிற்று.

அந்தப் பெண் வசந்தத்தில் யாரிடமும் சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போனாள். போகிற அன்று வேண்டாத சாமான்களை நடைபாதையில் வைத்து, 'எடுத்துக்கொள்ளலாம்' என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தாள். உடைந்த நாற்காலி, துருப்பிடித்த சல்லடை, ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள், பலன் பார்க்கிற இந்த டாரோ சீட்டுக்கட்டு. பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் தெரிந்தவர்களுக்குச் சீட்டுப் பார்க்கிற கோரினுக்கு அது அதிர்ஷ்டம் போலத் தோன்றியது.

ஹாலோவீனுக்கென்றே வரைந்த கட்டு. வழக்கமான வாள்கள் இதில் கதிர் அரிவாள்கள். கோப்பைகளெல்லாம் மிட்டாய் வாளிகள். மரணம் என்ற சீட்டு, அறுத்துப் போட்ட சோளக்காட்டில் தனியாக நிற்கும் வைக்கோல் பொம்மை. அறுவடை முடிந்து, உயிரோடு இருக்கிற பாதி ஆண்டு போய், செத்துக் கிடக்கிற பாதி தொடங்குகிற நாள் ஹாலோவீன். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கதவு அன்றைக்குச் சரியாகச் சாத்தியிருக்காது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கட்டை வரைந்தவர் அதை நன்றாகப் புரிந்துகொண்டவர். சூரியன் சீட்டில்கூடச் சூரியன் இல்லை. இந்தப் பருவத்தில் ஏது சூரியன்? அதற்குப் பதில் வராந்தாவில் எரிகிற ஒரு விளக்கு, அதன் மஞ்சள் வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தை.

வெளியே பிள்ளைகளின் கூச்சல் அலையலையாக வந்து போனது. ஈர இலைகளின் மக்கல் வாடை, பூசணிக்குள் எரியும் மெழுகுவர்த்தியில் வெந்த பூசணிச் சதையின் வாடை, யாரோ கொல்லையில் கொளுத்திய விறகுப் புகை, எல்லாம் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழைந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டன. எதிர் வீட்டு ரோண்டா தன் இரட்டைப் பிள்ளைகளோடு படியேறி வந்தாள். ஒருவன் கொள்ளையன், ஒருவன் கெட்ச்சப் பாட்டில்.

"மிட்டாயா, குறும்பா?" என்று இரண்டும் கத்தின.

"கால் எப்படி இருக்கு?" என்றாள் ரோண்டா. "நீ விழுந்தத நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். சிரிக்கக் கூடாதுன்னு உதட்டக் கடிச்சுக்கிட்டேன், தெரியுமா?"

"ரொம்ப நல்ல மனசு உனக்கு."

"ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். பக்கத்துல ஆள் வந்தாச்சா? ஜன்னல்ல யாரோ திரைய விலக்கிப் பார்த்த மாதிரி இருந்துச்சு."

"அங்க யாரும் இல்லையே. திரையே கிடையாது."

"அப்போ என் கண்ணாடிய மாத்தணும்." ரோண்டா படியிறங்கும்போது திரும்பினாள். "இந்த நாய் உன்னோடதா?"

வராந்தாவின் நடுவில், இரண்டு கதவுக்கும் பொதுவான இடத்தில், ஒரு சின்ன வெள்ளை நாய் உட்கார்ந்திருந்தது. கழுத்துப் பட்டை இல்லை. மிட்டாயைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அடுத்த பாதியின் பச்சைக் கதவையே பார்த்துத் தொண்டைக்குள் உறுமிக்கொண்டிருந்தது.

சீட்டில் இருந்த அதே நாய் என்று கோரினுக்குத் தோன்றியது. ரோண்டா போனதும் துடைப்பத்தை எடுத்து வந்து, "போ! ச்சூ, போ!" என்று விரட்டினாள். நாய் நகரவில்லை. அவளைப் பார்த்துக் கெஞ்சுவது போல முனகியது, அவள் கால்சட்டையின் நுனியைக் கவ்வப் பார்த்தது. அவள் துடைப்பத்தால் ஒன்று வைத்தாள். அது வலியில் கத்திக்கொண்டு இருட்டுக்குள் ஓடியது. ஒரு வாயில்லா ஜீவனை அடித்துவிட்டோமே என்று மனசு சுட்டது, ஆனாலும் அது போனதில் நிம்மதி.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. சொந்த ரத்தத்துக்குச் சீட்டுப் பார்க்கக் கூடாது, பயந்துபோயிருக்கும்போது பார்க்கவே கூடாது. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற எல்லாரிடமும் அவள் முதலில் சொல்வது அதுதான். பயந்தவளுக்குச் சீட்டு பேசாது, பயம்தான் பேசும் என்பாள். அப்படிச் சொன்ன அதே வாயால் மகளின் பெயரை முணுமுணுத்துக்கொண்டு கட்டைக் கலைத்தாள்.

முதல் சீட்டு பேதை. மேசையில் வைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்றது.

அவள் கை அப்படியே நின்றது. பழைய வீடு, குளிர் ஏறினால் மரம் முறுக்கிக்கொண்டு சத்தம் போடும். எலியாக இருக்கும். வெந்நீர்க் குழாயாக இருக்கும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். அதன் கால்கள் தரையில் கீறின. அந்தப் பக்கமும் ஒரு நாற்காலி கீறியது, ஒரு மூச்சு நேரம் கழித்து, அதே நீளத்துக்கு.

இரண்டாவது சீட்டு சந்திரன். வழக்கமான இரண்டு கோபுரத்துக்குப் பதில் இந்தக் கட்டில் ஒரே வராந்தாவில் இரண்டு கதவுகள், மேலே வெளிறிய நிலா. தன் வீடு மாதிரியே இருக்கிறதே என்று அந்தச் சீட்டின் மேல் அவளுக்கு ஒரு பிரியம் இருந்தது. இப்போது பிடிக்கவில்லை. வைத்தாள். சுவருக்கு அப்பால், டக்.

மூன்றாவது சீட்டு சூரியன். தலைகீழாக.

வராந்தா விளக்கு கீழே, குழந்தை தலைகீழாகத் தொங்கியது. கோரின் அதை உற்றுப் பார்த்தாள், பிறகு பேதையைப் பார்த்தாள். பேதையின் வெள்ளை விரிப்பில் இப்போது பொட்டுப் பொட்டாக ஏதோ இருந்தது. குனிந்தாள். நீலப் பூக்கள்.

உடனே டெல்லுக்குப் போன் போட்டாள்.

"ஜூனி எங்க?"

"இங்கதான், என் முன்னாடி. வாளி நிரம்பிடுச்சு, மிச்சத்த என் தொப்பியில கொட்டிக்கிட்டிருக்கா. என்ன ஆச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கைய விடாத. முடியுற சைரன் ஊதினதும் நேரா வந்துடு."

"சரி, சரி. என் முட்டி கழண்டதுதான் மிச்சம், உன் பொண்ணு குதிரை மாதிரி ஓடுறா. வரோம், நீ சும்மா சீட்டப் பார்த்து மண்டையக் குழப்பிக்காத."

பின்னணியில் ஜூனியின் சிரிப்பு கேட்டது. மகள் பத்திரமாக இருக்கிறாள். அப்படியானால் சீட்டு சொல்வது வேறு. இந்த வீட்டைத் தேடி ஏதோ வருகிறது. விளக்கைப் பார்த்து வருகிறது. அந்த நாய் வந்தது இந்த வெளிச்சத்துக்குத்தான். ரோண்டா பார்த்த யாரோ, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரோ, இந்த வெளிச்சத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். விளக்கைத் தலைகீழாக்கு என்கிறது சீட்டு. அணைத்துவிடு என்கிறது.

வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் இப்படிப் பலன் சொல்லியிருக்க மாட்டாள். தலைகீழாக வந்த சீட்டு கட்டளை போடாது, எது தவறிப்போகும் என்றுதான் காட்டும் என்று காபியை ஆற்றிக்கொண்டே நிதானமாக விளக்கியிருப்பாள். இன்றைக்கு நிதானம் எங்கே இருந்தது? நொண்டிக்கொண்டே கதவருகே போனாள். அந்தத் தெருவில் விளக்கை அணைத்தால் மிட்டாய் தீர்ந்துவிட்டது, யாரும் வராதே என்று அர்த்தம். ஒரு பிள்ளையும் படியேறாது. வேறு எதுவும் ஏறாது.

சுவிட்சைத் தட்டினாள். வராந்தா இருண்டது.

சுவருக்கு அப்பால் ஒரு சுவிட்ச் தட்டப்பட்டது.

அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். மேசை விளக்கையும் அணைத்தாள். திரைக்குக் கீழே, தரையில், மஞ்சளாக ஒரு கோடு விழுந்து கிடந்தது. தெருவிளக்காக இருக்கும் என்று நினைத்தாள். கதவில் முதுகைச் சாய்த்து இருட்டில் நின்றாள். அவர்கள் வந்து தட்டியதும் திறந்து, மகளை உள்ளே இழுத்து, தாழ்ப்பாள் போட்டு, நாளைக்கு அந்தக் கட்டைக் கொல்லையில் கொளுத்திவிடலாம். அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

சைரன் ஊதியது. நீளமாக, மலையில் மோதித் திரும்பி வந்து, அடங்கியது. தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு அணைவது அவளுக்குத் தெரியும், ஆண்டுதோறும் பார்த்ததுதான். கூச்சல் குறைந்தது. கார்க் கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு தாய் யாரையோ அதட்டிக்கொண்டே போனாள். பிறகு காற்றும் இலையும்.

பிறகு டெல்லின் வண்டி. அந்த எஞ்சினின் இருமலை அவள் எங்கேயும் கண்டுபிடிப்பாள்.

"போ, போ, வாளி பத்திரம்!" டெல்லின் குரல். "காலையில வந்து எனக்குப் பாதி மிட்டாய்!"

"கால்வாசிதான்!"

கோரின் சிரித்துவிட்டாள். சின்னக் காலடிகள் படியேறின. விரிப்பு மரத்தில் உரசும் சரசரப்பு. வாளி முழங்காலில் இடிக்கும் சத்தம். எங்கோ நாய் குரைத்தது, வெறி பிடித்தது போல, பக்கத்தில், இன்னும் பக்கத்தில். துணி கிழிகிற சத்தம். "விடு! விடு என்னை!" என்று ஜூனி கோபமாகக் கத்தினாள். கோரின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

காலடிகள் கதவுக்கு முன்னால் வந்தன.

நிற்கவில்லை.

அவளைத் தாண்டி, அந்தப் பக்கம் போயின.

விளக்கு எரியுற கதவு நம்ம கதவு.

"ஜூனி!" தாழ்ப்பாள் நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நகம் பிய்ந்தது. "ஜூனி, அங்க போகாத!"

சுவருக்கு அப்பால் கதவு திறந்தது. எண்ணெய் போட்ட கதவு போல, மெதுவாக.

"அம்மா, பாரேன் எவ்வளவு மிட்டாய்!"

சுவருக்குள்ளிருந்து வந்தது மகளின் குரல். வெளியே டெல்லின் வண்டி செல்லமாக இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. கால்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, எடுத்துக் காதில் வைத்தாள்.

"வாளியில ஒரு கையுறை இருக்கும், என்னோடது, எடுத்து வை," என்றான் டெல்.

"டெல், திரும்பி வா. அவ உள்ள வரல. டெல்!"

"என்ன உளர்ற? நீதானே கதவத் திறந்த? நீதானே என்னப் பார்த்துக் கை காட்டின?"

போன் கீழே விழுந்தது. தாழ்ப்பாள் விட்டுக்கொடுத்தது. நொண்டி, விழுந்து, எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். தெரு முழுக்க இருட்டு. ஒரே ஒரு விளக்கு. அடுத்த கதவின் மேல். மஞ்சளாக, இதமாக, வா என்பது போல. கதவை இடித்தாள். அசையவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். திரை விலகியிருந்தது.

உள்ளே அவளுடைய அறை. இடம் வலமாக மாறியிருந்தது. ஜன்னலோர மேசை. மேசை விளக்கு. மூன்று சீட்டுகள். மிட்டாய்க் கிண்ணம். அவளுடைய சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மற்றக் காலில் பட்டி சுற்றிக்கொண்டு ஒருத்தி. அவள் மடியில் நீலப் பூப்போட்ட பேய், மேசையில் மிட்டாயைக் கொட்டிக்கொண்டிருந்தது.

கோரின் கண்ணாடியை அறைந்தாள். அறைந்தாள்.

பேய் தலையைத் திருப்பியது. இரண்டு ஓட்டைகளுக்குள் பழுப்புக் கண்கள் சுருங்கின.

"அம்மா, வெளிய யாரோ நிக்கிறாங்க."

"பாக்காத கண்ணு," என்றாள் மடியில் வைத்திருந்தவள். கோரினின் குரல்தான். கோரினின் அன்புதான் அதில் இருந்தது. "சைரன் ஊதியாச்சு. இனிமே யாருக்கும் திறக்கக் கூடாது."

அவள் நிமிர்ந்து கோரினைப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள். மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கையைச் சுவருக்கு நீட்டினாள்.

சுவிட்ச்.

இருட்டு.

கண் பழகியபோது ஜன்னலுக்குள் வெறும் அறை இருந்தது. வெறும் தரை. ஆறு மாதத் தூசி, ஒரு காலடியும் படாமல். மூலையில் 'வாடகைக்கு' என்று எழுதிய அட்டை சாய்ந்து கிடந்தது.

கோரினின் காலில் ஏதோ ஈரமாக உரசியது. அவள் குனிந்தாள். சின்ன வெள்ளை நாய், துடைப்பம் பட்ட காலைத் தூக்கியபடி, சாத்திய பச்சைக் கதவின் முன்னால் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் நீலப் பூப்போட்ட துணியின் ஒரு கிழிசல் இருந்தது.